தீர்மானத்தில் 'பி' எதற்கு?

ஸ்ரீரங்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போர்டு கூட்ட மினிட்ஸ் டிராஃப்டைப் படித்தேன். உன் மேலதிகாரி இரண்டு இடத்தில் சிவப்பு மை வைத்திருக்கிறார். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று சேர்மன் சொன்ன இடத்தில், நீ எழுதிய 'இஸ் டிஃபர்டு' அவர் கையில் 'பி டிஃபர்டு' ஆகியிருக்கிறது. அந்த வெண்டர் பதிவு பெற்றவர்தானா என்று ஒரு டைரக்டர் கேட்ட இடத்தில், 'இஃப் த வெண்டர் வாஸ் ரெஜிஸ்டர்டு' என்ற உன் வாக்கியத்தில் 'வாஸ்' அடிபட்டு 'வேர்' உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்பு: சப்ஜங்டிவ்.

முதல் திருத்தம் சரி. இரண்டாவது தப்பு. அத்தை அப்படிச் சொன்னாள் என்று நாளைக்கே அவரிடம் போய் நிற்காதே. முழுதும் படி, உனக்கே பிடிபட்டால் மட்டும், நேரம் பார்த்து, மெதுவாகச் சொல்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கிலீஷில் விளக்கினால் மண்டையில் ஏறுவதில்லை, தமிழில் எழுது என்று நீதான் கேட்டாய். எழுதுகிறேன். ஆனால் அந்த 'பி' என்ற வினையை உச்சரிப்பின்படி நெடிலாக எழுதினால், கடிதத்தை உன் பாட்டி எடுத்துப் படிக்கும்போது முகம் சுளிப்பாள். ஆகவே கடிதம் முழுக்கக் குறில்தான்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தில் 'மூட்' என்று ஒரு பகுதி உண்டு. உன் அப்பா அதில் அடிக்கோடு போட்டு வைத்திருப்பான், படித்திருக்க மாட்டான். வினை மூன்று விதமாகப் பேசும் என்று அங்கே இருக்கும். இண்டிகேடிவ், ஒரு செய்தியை உள்ளது என்று சொல்வது. இம்பெரேடிவ், நேருக்கு நேர் ஏவுவது. போ, வா, கையெழுத்துப் போடு. சப்ஜங்டிவ், இன்னும் ஆகாத ஒன்றை, ஆக வேண்டும் என்றோ ஆனதாகக் கற்பனை செய்தோ சொல்வது. எங்கெங்கே வரும் என்ற பட்டியலும் அங்கே ஒழுங்காக இருக்கிறது. ஏன் வர வேண்டும், வராவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்பதுதான் இருக்காது. பரீட்சைக்குப் பட்டியல் போதும். மினிட்ஸ் எழுதுகிறவளுக்குப் போதாது.

நீ தினமும் தட்டச்சு செய்யும் வாசகத்தையே எடுத்துக்கொள். 'ரிசால்வ்டு தட் மிஸ்டர் இன்னார் பி அண்டு இஸ் ஹியர்பை அப்பாயின்டட்.' டைரக்டர் நியமனம், பேங்க் கணக்குத் திறப்பு, ரிஜிஸ்திராரிடம் படிவம் தாக்கல் செய்ய அதிகாரம் தருவது, எல்லாவற்றுக்கும் இந்த அச்சுதான். 1956-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் காலத்தில் நான் எழுதியதும் இதைத்தான், 2013-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் நீ எழுதுவதும் இதைத்தான். அந்த 'பி அண்டு இஸ்' எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. முன்னோர் வைத்தது, இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அதில் இரண்டு வினையும் தோளோடு தோள் நிற்கின்றன. 'பி' என்பது சப்ஜங்டிவ். இவர் நியமிக்கப்படுக என்று போர்டு தன் விருப்பத்தை, முடிவை வைக்கிறது. 'இஸ் ஹியர்பை' என்பது இண்டிகேடிவ். இதோ, இந்த வாசகத்தாலேயே, இவர் நியமிக்கப்படுகிறார் என்று காரியம் முடிந்ததாக அறிவிக்கிறது. முதலாவது மட்டும் இருந்தால், நியமிக்கச் சொன்னார்கள் சரி, நியமித்தது யார், எப்போது என்று குதர்க்கம் பேச ஒருவன் வருவான். இரண்டாவது அவன் வாயை அடைக்கிறது. சட்ட ஆங்கிலத்தை எளிமையாக்க வேண்டும் என்கிறவர்கள் இதை வெற்று இரட்டைச் சொல் என்று தள்ளுவார்கள். ஒன்று போதும் என்ற அவர்கள் வாதத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இரண்டு மூடுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை. விருப்பம் ஒரு வினையில், நிகழ்வு மறு வினையில்.

இன்னொன்றையும் கவனி. ஒருவரை நியமித்தால் 'பி அண்டு இஸ்'. இரண்டு பேரை நியமித்தால் 'பி அண்டு ஆர்'. 'இஸ்' மாறுகிறது, 'பி' அசைவதில்லை. ஆள் யார், எத்தனை பேர் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. டிராஃப்ட் பார்க்கும்போது இந்த இடத்தில் தனிக் கண் வை. பழைய தீர்மானத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் 'இஸ்' என்பதை மாற்ற மறந்துவிடுவார்கள்.

இந்த அசையாத குணம் உனக்குப் புதிதாக இருக்காது. பள்ளியில் வியங்கோள் படித்தாயே, வாழ்க, வருக, ஒழிக. நான் வாழ்க, நீ வாழ்க, அவர்கள் வாழ்க. திணை, பால், எண், இடம் எதுவும் அதைத் தொடுவதில்லை. தன்மை முன்னிலைகளில் வியங்கோள் நிலைத்து வராது என்று தொல்காப்பியர் எல்லை போட்டார். பின்னால் வந்த நன்னூலார் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் உரியது என்று திறந்துவிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்திலும் சப்ஜங்டிவுக்கு ஒருமைக்கு ஒரு விகுதி, பன்மைக்கு ஒரு விகுதி அவ்வளவுதான். நான், நீ, அவன் என்ற பேதம் கிடையாது. இண்டிகேடிவுக்கோ ஒருமையில் இடத்துக்கு ஒன்றாக விகுதிகள் இருந்தன. பிறகு பேச்சில் சொல்லின் வால்கள் தேய்ந்து உதிர்ந்தன. இரண்டு மூடும் ஏறக்குறைய ஒரே முகமாகிவிட்டன. மிஞ்சிய அடையாளம் மிகக் கொஞ்சம்: அவன், அவள், அது என்ற இடத்தில் வினையின் கடைசியில் ஒட்டும் 'ஸ்' சப்ஜங்டிவில் ஒட்டாது, 'இஸ்', 'ஆம்', 'ஆர்' எதுவும் வராமல் 'பி' நிற்கும், கற்பனையில் 'வாஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'வேர்' வரும். ஆங்கிலத்தில் சப்ஜங்டிவின் மொத்த ஆஸ்தி இவ்வளவுதான்.

ஆஸ்தி சிறியது என்பதால் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு நம் தொழிலிலிருந்தே காட்டுகிறேன். ஆடிட்டர் போர்டு கூட்டத்துக்கு வந்து சரக்கிருப்பைப் பற்றிப் பேசுகிறார். நீ மினிட்ஸில் எழுதுகிறாய்: 'த ஆடிட்டர் இன்சிஸ்டட் தட் த ஸ்டாக் வாஸ் கவுண்டட்.' சரக்கு எண்ணப்பட்டது, நான் அதில் உறுதியாக இருக்கிறேன் என்று ஆடிட்டர் அடித்துச் சொன்னதாக இதற்குப் பொருள். அந்த 'வாஸ்' இருந்த இடத்தில் 'பி' வை. சரக்கை எண்ணியே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் பிடிவாதம் பிடித்தார் என்று ஆகிவிடும். முன்னது சாட்சி, பின்னது கோரிக்கை. எண்ணியாயிற்று என்பதும் இன்னும் எண்ணவில்லை என்பதும் ஒரே வாக்கியத்தின் ஒரு சிறு சொல்லில் தொங்குகின்றன. நாளைக்குக் கிடங்கில் சரக்கு குறைந்து, விசாரணை வந்து, அந்த மினிட்ஸ் புத்தகத்தை யாராவது எடுத்தால், ஆடிட்டர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை உன் ஒரு சொல்தான் தீர்மானிக்கும்.

'சஜஸ்ட்' என்ற வினையும் இதே ஜாதி. கணக்கு ஒன்றைக் காட்டுகிறது என்ற பொருளில் வந்தால் இண்டிகேடிவ். 'த ஃபிகர்ஸ் சஜஸ்ட் தட் டிமாண்ட் இஸ் ஃபாலிங்': எண்களைப் பார்த்தால் கிராக்கி விழுகிறது போலிருக்கிறது. இங்கே 'பி' போட்டால் எண்கள் எழுந்து நின்று கிராக்கியே விழு என்று ஆலோசனை சொன்ன மாதிரி கேலிக்கூத்தாகும். ஒரு ஆள் யோசனை சொல்கிறார் என்ற பொருளில் வந்தால் சப்ஜங்டிவ். உன் சேர்மன் யோசனைதான் சொன்னார். விஷயம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியை அவர் குறிப்பால் உணர்த்தவில்லை. ஆகவே 'பி டிஃபர்டு' சரி. உன் மேலதிகாரிக்கு இந்த இடத்தில் ஒரு கும்பிடு.

எந்தெந்த வினைக்குப் பின்னால் என்று கேட்பாய். கேட்பது, வற்புறுத்துவது, சிபாரிசு, உத்தரவு, முன்மொழிவு, தீர்மானம் என்ற வகையில் எது வந்தாலும் 'தட்' என்பதற்குப் பின்னால் இந்த மூடு வரும். டிமாண்ட், ரெகமண்ட், ப்ரப்போஸ், ரிக்வெஸ்ட், டைரக்ட், ஆர்டர், ரிசால்வ். வினையாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'எசென்ஷியல்', 'நெசசரி' போன்ற சொற்களுக்குப் பின்னாலும் வரும், 'கண்டிஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் வரும். ஆனால் 'நோட்டட் தட்' என்றால் ஒருபோதும் வராது. போர்டு ஒன்றைக் கவனத்தில் கொண்டது என்றால் அது உள்ள செய்தி. 'ஹோப்' என்பதும் விருப்பம்தானே என்று தோன்றும். அது இண்டிகேடிவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நியாயம் கேட்காதே, மொழி எல்லா இடத்திலும் கணக்குப் போட்டு நடப்பதில்லை.

மினிட்ஸ் எழுதுகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. போர்டு கூட்டங்களுக்கான எஸ்.எஸ்.-1 என்ற செயலர் நெறிமுறை 2015 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2013 சட்டத்தின் 118-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. மினிட்ஸ் படர்க்கையில், இறந்த காலத்தில் இருக்க வேண்டும், தீர்மானங்கள் மட்டும் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. உனக்குப் பரீட்சைக்கே வந்திருக்கும். இந்த விதியை மனதில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள், விவரணைப் பகுதியில் கண்ணில் படும் வினையையெல்லாம் இறந்த காலமாக்கிவிடுகிறார்கள். 'த போர்டு டைரக்டட் தட் த ரிப்போர்ட் வாஸ் ப்ளேஸ்டு அட் த நெக்ஸ்ட் மீட்டிங்' என்று ஒரு வாக்கியம் பிறக்கும். அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி போர்டு பணித்தது; அதற்குள் 'வைக்கப்பட்டது' எப்படி வந்தது? இங்கே 'டைரக்டட்' இறந்த காலம், அது போதும். பின்னால் வருவது 'பி ப்ளேஸ்டு'தான். பள்ளியில் அயற்கூற்றுக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, முதல் வினை இறந்த காலமானால் இரண்டாவதும் இறங்கும் என்று, அந்த விதி சப்ஜங்டிவைத் தொடாது. நேற்றைய உத்தரவானாலும் நாளைய உத்தரவானாலும் அதற்கு ஒரே உருவம்.

எதிர்மறையும் அப்படித்தான் வித்தியாசமாக இருக்கும். அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள் என்றால் 'தட் ஹி நாட் சைன்'. 'டஸ் நாட்', 'டிட் நாட்' எதுவும் வராது. முதல் தடவை எழுதும்போது அச்சுப்பிழை போலத் தெரியும், கை தயங்கும். தயங்காதே, அதுதான் சரி.

ஒரு இடத்தில் மட்டும் இந்த மூடு உன்னைக் கைவிடும். பன்மையில். 'வி இன்சிஸ்ட் தட் த டீலர்ஸ் பே இன் அட்வான்ஸ்.' டீலர்கள் முன்பணம் கட்டுகிறார்கள் என்று சாதிக்கிறோமா, கட்ட வேண்டும் என்று கேட்கிறோமா? பன்மையில் 'ஸ்' கிடையாது, ஆகவே இரண்டு மூடுக்கும் ஒரே முகம். இறந்த காலத்தில் 'பே', 'பெய்டு' என்று பிரிந்து தெரியும், நிகழ்காலத்தில் தெரியாது. இப்படி வந்தால் சப்ஜங்டிவின் மேல் பக்தி வேண்டாம். 'மஸ்ட்' போடு, அல்லது 'ஷுட்' போடு. ஒப்பந்தத்தில் அழகைவிடச் சந்தேகம் இல்லாமல் இருப்பது முக்கியம்.

'ஷுட்' என்றதும் சீமையின் கதை வருகிறது. நீ நெட்டில் தேடினால் ஒருவர் 'பி' என்பார், ஒருவர் 'ஷுட் பி' என்பார், மூன்றாமவர் வெறும் 'இஸ்' போட்டு எழுதியிருப்பார், உனக்குத் தலை சுற்றும். இங்கிலாந்தில் சப்ஜங்டிவ் தேய்ந்துகொண்டே வந்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் 'இஃப்' என்பதற்குப் பின்னால் 'பி' சர்வசாதாரணம். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பிலும் அதைப் பார்க்கலாம். இன்று அந்த இடத்தில் யாராவது 'இஃப் ஹி பி' என்று எழுதினால் நாடக வசனம் போலிருக்கும். 1926-இல் எச்.டபிள்யூ. ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில், சில குறிப்பிட்ட இடங்களைத் தவிர இது சாகக் கிடக்கிறது என்று கணித்தார். சாமர்செட் மாம் 1949-இல் வெளியிட்ட தன் குறிப்பேட்டு நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், அவஸ்தைப்படுவதைச் சீக்கிரம் முடித்துவைப்பதே புண்ணியம் என்ற தொனியில் எழுதினார்.

இருவர் ஜோசியமும் பாதிதான் பலித்தது. இங்கிலாந்துக்காரர்கள் 'ஷுட்' என்பதைச் சேர்த்துக்கொண்டு சமாளித்தபோது, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் 'இன்சிஸ்ட் தட் ஹி பி' என்ற உருவம் 20-ஆம் நூற்றாண்டில் பலமாகத் தழைத்தது. பின்னர் அதே காற்று திரும்பி இங்கிலாந்துக்கும் வீசியது. ஆகவே இன்று 'பி' இரண்டு நாட்டிலும் உண்டு, 'ஷுட் பி' இங்கிலாந்தில் அதிகம். வெறும் இண்டிகேடிவில் கோரிக்கையைச் சொல்வதும் இங்கிலாந்தில் நடமாடுகிறது, அமெரிக்கக் காதுக்கு அது உறுத்தும். நாம் எதை எடுப்பது? மனுக்களில் நம்மூர் வழக்கு வேறு ஒன்று இருக்கிறது: கனம் கோர்ட்டார் இன்னது செய்ய 'மே பி ப்ளீஸ்டு' என்று வேண்டுகிறோம். அதை வக்கீல்களிடம் விட்டுவிடு. மினிட்ஸில் 'பி' எழுது. உன் கம்பெனிச் சேர்மனுக்கு 'ஷுட் பி' பிடிக்குமென்றால் அதை எழுது. இண்டிகேடிவை மட்டும் கோரிக்கைக்கு எடுக்காதே. ஆடிட்டர் உதாரணம் ஞாபகம் இருக்கட்டும்.

வாழ்த்துகளிலும் வழக்குத் தொடர்களிலும் உறைந்துபோன சப்ஜங்டிவ் நிறைய உண்டு. 'காட் ப்ளெஸ் யூ', 'லாங் லிவ்', 'சோ பி இட்', 'கம் வாட் மே', 'ஃபார் பி இட் ஃப்ரம் மி'. இவற்றை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாயில் வருகிறது. நீயும் யோசிக்காதே.

இனி அந்த இரண்டாவது சிவப்பு மை. 'வேர்.'

'இஃப்' கண்ணில் பட்டதும் 'வேர்' போடுவது படித்தவர்களிடம் அதிகம் காணும் வியாதி. 'வாஸ்' கொச்சை, 'வேர்' கௌரவம் என்று ஒரு நினைப்பு. 'இஃப்' என்பது ஒரே சொல் என்றாலும் வேலை மூன்று. முதலாவது, 'ஆ' என்ற நம் வினா எழுத்தின் வேலை: வந்தாரா என்று கேட்டார், பதிவு பெற்றவரா என்று கேட்டார். இங்கே 'இஃப்' என்பதை எடுத்துவிட்டு 'வெதர்' போட்டுப் பார். பொருந்தினால் அதில் நிபந்தனையும் இல்லை, கற்பனையும் இல்லை, 'வாஸ்'தான். உன் வெண்டர் வாக்கியம் இந்த இனம். டைரக்டர் விவரம் கேட்டார், கனவு காணவில்லை.

இரண்டாவது வேலை, திறந்த நிபந்தனை. நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், சொல்கிறவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேற்று நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடு என்று ஒருவர் சொல்கிறார்: 'இஃப் ஐ வாஸ் ரூட், ஐ அபாலஜைஸ்.' பேசியிருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார், மன்னிப்பு மன்னிப்பாக நிற்கிறது. அதையே மெருகேற்றுகிறேன் என்று 'இஃப் ஐ வேர் ரூட், ஐ வுட் அபாலஜைஸ்' என்று மாற்றினால் என்ன ஆகும்? நான் கடுமையானவன் இல்லை, இருந்திருந்தால் அல்லவா மன்னிப்பு என்று கைகழுவுகிற வாக்கியமாகிவிடும். கம்பெனி சார்பில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும்போது இந்த இடத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று உனக்கே தெரியும். நாம் கேட்ட மன்னிப்பு அவமதிப்பாகப் போய்ச் சேரக் கூடாது.

மூன்றாவது வேலைதான் 'வேர்' வரும் இடம், கற்பனை. நான் உன் இடத்தில் இருந்தால், நான் பணக்காரியாக இருந்தால். உண்மையில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். 'இஃப் ஐ வேர் யூ' என்பதை அப்படியே வைத்துக்கொள். 'வாஸ்' என்று பேச்சில் சொல்கிறவர்கள் நிறைய, எழுத்தில் கண்ணை உறுத்தும். இன்னொரு இடத்தில் 'வாஸ்' அறவே வராது: 'இஃப்' என்பதை நீக்கி வினையை முன்னுக்குக் கொண்டுவரும்போது. 'வேர் ஐ இன் யுவர் பொசிஷன்' என்று மட்டுமே உண்டு. 'அஸ் இஃப்' என்பதற்கும் இதே அளவுகோல். கம்பெனியே தன்னுடையது போலப் பேசுகிறான், ஆனால் அவனுடையது அல்ல என்றால் 'அஸ் இஃப் ஹி வேர்'. மழை வரும் போலிருக்கிறது, வரவும் செய்யலாம் என்றால் 'அஸ் இஃப் இட் இஸ்'. 'இட் இஸ் டைம்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மட்டும் வேடிக்கை: அவரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதில் 'வாஸ்' இயல்பாக இருக்கும், 'வேர்' ஒட்டாது.

ஃபவுலர் தன் அகராதியில் சப்ஜங்டிவுகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார். உயிரோடு இருப்பவை, தோண்டி எடுத்து மறுபடி நடமாட விட்டவை, பழைய வழக்கின் மிச்சங்கள், புதிதாக வந்து சேர்ந்தவை. இந்தக் கடைசிக் கூட்டத்தின் மேல்தான் அவருக்கு எரிச்சல். முன்பு எந்தக் காலத்திலும் சப்ஜங்டிவ் இல்லாத இடத்தில், நன்றாக எழுதுகிறோம் என்ற நினைப்பில் புகுத்தப்பட்டவை அவை. உன் மேலதிகாரியின் 'வேர்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நூறு வருடத்துக்கு முன்பே லண்டனில் இதே சிவப்பு மை ஓடியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பிலுள்ள பாடத்திட்டத்தில் ஆறாம் வருடப் பிள்ளைகளுக்கு, அதாவது பத்துப் பதினோரு வயதுக் குழந்தைகளுக்கு, சப்ஜங்டிவ் வைத்திருக்கிறார்கள். மிகவும் சம்பிரதாயமான எழுத்துக்கும் பேச்சுக்கும் உரியது என்ற குறிப்போடு, 'இஃப் ஐ வேர்', 'வேர் தே டு கம்' ஆகிய இரண்டும்தான் அங்கே உதாரணம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சொல்லிக்கொடுப்பதானால் 'பி' என்பதையல்லவா முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 'வேர்' போனால் பொருள் போகாது. அதே வாக்கியத்தின் மறுபாதியில் 'வுட்' இருக்கிறது, அதுவே இது கற்பனை என்று காட்டிக்கொடுத்துவிடும். மற்ற வினைகளுக்கெல்லாம் தனி உருவமே கிடையாது. 'இஃப் ஐ நியூ', 'இஃப் ஐ ஹேட்' என்று சாதாரண இறந்த காலத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சௌகரியமாகக் கற்பனை செய்கிறது. 'வேர்' மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வினையில், அதிலும் 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' என்ற ஒருமை இடங்களில். ஹட்டில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், இதைச் சப்ஜங்டிவ் என்று அழைப்பதையே நிறுத்திவிட்டு வேறு பெயர் கொடுத்தது. 'பி' வரும் அமைப்புக்குத்தான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

'பி' போனாலோ பிடிமானமே கிடையாது. ஆடிட்டர் வாக்கியத்தில் அந்தச் சொல்லைத் தவிர வேறு எந்தச் சொல்லும் இது கோரிக்கை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆபீஸ்களில் நடப்பது என்ன? 'இஃப் ஐ வாஸ்' என்று யாராவது மெயில் அனுப்பினால் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். 'இன்சிஸ்டட் தட் இட் வாஸ்' என்று மினிட்ஸில் வந்தால் யாரும் கவனிக்காமல் சேர்மன் கையெழுத்தே விழுந்துவிடும். கண்டிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் வழிகிறது.

ஆகவே உன் டிராஃப்டுக்கு என் தீர்ப்பு: 'பி டிஃபர்டு' இருக்கட்டும், 'வேர் ரெஜிஸ்டர்டு' என்பதைத் திரும்ப 'வாஸ்' ஆக்கு. மேலதிகாரி ஏன் என்றால், வாதாடாமல் 'இஃப்' என்பதை 'வெதர்' என்று மாற்றிவிடு. 'வெதர்' வந்த பிறகு 'வேர்' போட அவருக்கே கை வராது. இரண்டு பேருக்கும் மரியாதை.

மூன்றாம் பக்கத்தில் இரண்டு கையெழுத்து அதிகாரிகளை நியமிக்கும் தீர்மானத்தில் 'பி அண்டு இஸ்' என்று இருக்கிறது. சிவப்பு மை அதைத் தொடவில்லை. 'ஆர்' ஆக்கு.

இனி டிராஃப்ட் அனுப்பும்போது கம்பெனிப் பெயர், ஆட்கள் பெயர், தொகை எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்பு. அத்தைதானே என்று இருந்துவிடாதே. அது வெளியே போகக் கூடாத காகிதம்.

அன்புடன்,
அத்தை